சிறுகுடல் பாக்டீரியாப் பெருக்கம்: எந்த ஆன்டிபயாடிக் என்று தீர்மானிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது என்று தெரிந்த அன்றே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, ‘இதற்கு எது வீரியமான மருந்து?’ என்பதுதான். தொண்டைப் புண்ணுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டுப் பழகிய மனம் அப்படித்தான் கேட்கும். அந்த நோய்களில் தொற்றிய கிருமியை ஒருமுறை விரட்டினால் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். மருத்துவர்கள் சுருக்கமாகச் சிபோ என்று அழைக்கும் இந்த நிலையிலோ, பெருகியிருப்பவை பெரும்பாலும் வாயிலும் பெருங்குடலிலும் வழக்கமாகக் குடியிருக்கும் உயிரிகளே. அவை இடம் மாறிக் குடியேறக் காரணமான கோளாறு உடலில் அப்படியே இருந்தால் மறுபடியும் வரும். ரிஃபாக்சிமின் என்னும் ஆன்டிபயாடிக்கால் குணமான 80 பேரைப் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், 3 மாதத்தில் 12.6 விழுக்காட்டினருக்கும், 6 மாதத்தில் 27.5 விழுக்காட்டினருக்கும், 9 மாதத்தில் 43.7 விழுக்காட்டினருக்கும் மூச்சுப் பரிசோதனை மீண்டும் நேர்மறையாக வந்தது.

ஆகவே இந்த நோய்க்கான மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘இதை அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் என் உடல் தாங்குமா?’ என்ற கேள்வி வீரியத்தைப் பற்றிய கேள்விக்கு முன்னால் வர வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுவதற்கான வழியை இதில் தேட வேண்டாம். மருத்துவரின் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல மறக்கக் கூடாது என்பதற்காகவே இது எழுதப்பட்டது.

முதல் படி: இது அந்த நோய்தானா?

வயிற்று உப்புசம், வாயுத் தொல்லை, வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், சாப்பிட்டபின் வயிறு கனத்துப்போதல் ஆகிய எல்லாமே இந்த நோயில் வரும். பால் சர்க்கரை செரிக்காமை, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய், கணையச் சுரப்புக் குறைபாடு, பித்த அமிலத்தால் வரும் வயிற்றுப்போக்கு, ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணித் தொற்று ஆகியவற்றிலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தாம் வரும். அறிகுறிகளை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்குவதில் உள்ள சிக்கல், அது பலிக்கவில்லை என்றால் மருந்து தவறா, நோய்க்கணிப்பு தவறா என்பது தெரியாமல் போவதுதான். பலித்துவிட்டாலும் முழு நிம்மதி இல்லை. ஜியார்டியாவை ஒழிக்கும் மெட்ரோனிடசோலால் குணமடைந்த ஒருவர், தமக்கு இருந்தது சிபோ என்று ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கக் கூடும்.

காரணமில்லாமல் எடை குறைதல், மலத்தில் இரத்தம், இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த வழிகாட்டியை அப்படியே ஓரம் வைத்துவிட்டு, வேறு நோய்கள் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நடுத்தர வயதைக் கடந்த பெண்களுக்குப் புதிதாகத் தொடங்கி விடாமல் நீடிக்கும் உப்புசம் சூலகப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: மூச்சுப் பரிசோதனையின் எண்களை நீங்களே படித்துப் பாருங்கள்

எண்டோஸ்கோப் வழியாகச் சிறுகுடல் நீரை உறிஞ்சியெடுத்து வளர்த்துப் பார்ப்பது நேரடியான முறை. அதில் மில்லிலிட்டருக்கு 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட பாக்டீரியாக் கூட்டங்கள் வளர்ந்தால் பெருக்கம் என்று இப்போது கொள்கிறார்கள். முன்பு 1,00,000 என்ற அளவே வழக்கத்தில் இருந்தது. நடைமுறையில் பெரும்பாலோருக்குச் செய்யப்படுவது மூச்சுப் பரிசோதனைதான். 75 கிராம் குளுக்கோஸ் அல்லது 10 கிராம் லாக்டுலோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, குறிப்பிட்ட இடைவெளிகளில் ஊதும் மூச்சில் ஹைட்ரஜனும் மீத்தேனும் எவ்வளவு என்று அளக்கிறார்கள். மனித உயிரணுக்கள் இந்த இரண்டு வாயுக்களையும் உண்டாக்குவதில்லை. அவை குடலிலுள்ள நுண்ணுயிர்களிடமிருந்து இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறுபவை.

2017-இல் வெளியான வட அமெரிக்க வல்லுநர் உடன்பாட்டின்படி, 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் தொடக்க அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அல்லது அதற்குமேல் உயர்ந்தால் நேர்மறை. மீத்தேன் எந்த நேரத்திலும் 10 பிபிஎம் அல்லது அதற்குமேல் இருந்தால் நேர்மறை.

எடுத்துக்காட்டாக ஒரு லாக்டுலோஸ் அறிக்கையைக் கற்பனை செய்துகொள்வோம். தொடக்கத்தில் ஹைட்ரஜன் 4; இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகள் 5, 7, 9, 16; நூறாவது நிமிடத்தில் 31; நூற்றிருபதில் 48. கடைசி எண்ணைப் பார்த்துத் திகைத்துப்போகும் நோயாளி இதை நேர்மறை என்று நினைத்துக்கொள்வார். 90 நிமிடத்துக்குள் இருந்த உயர்வு வெறும் 12 தான். லாக்டுலோஸை நம் குடல் உறிஞ்சுவதில்லை. அது எப்படியும் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும், அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனை வெளியிடும். நூறாவது நிமிடத்து உயர்வு அந்த வழக்கமான வேலையின் அடையாளம். இன்னொரு தொல்லையும் உண்டு: குடலோட்டம் வேகமாக உள்ளவர்களுக்கு லாக்டுலோஸ் 90 நிமிடத்துக்கு முன்பே பெருங்குடலை எட்டிவிடும் என்பதால், நோயே இல்லாதவருக்கும் பொய்யான நேர்மறை வரலாம். குளுக்கோஸில் இந்தப் பிழை குறைவு; ஆனால் அது சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் கீழ்ப்பகுதியில் உள்ள பெருக்கத்தைக் காணத் தவறும்.

இப்போது அதே அறிக்கையில் மீத்தேன் தொடக்கத்திலிருந்தே 14, 15, 17 என்று இருந்தால் தீர்ப்பு மாறிவிடும். மீத்தேனை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்னும் வேறொரு உயிரினப் பிரிவு. அதில் முதன்மையானது மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மிதியை. இவை பெருங்குடலிலும் பெருகக் கூடியவை என்பதால் இந்த நிலையைக் குடல் மீத்தேன் உயிரிப் பெருக்கம் என்று தனிப்பெயரிட்டு அழைக்கிறார்கள். இவை நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கரியமில வாயுவையும் உண்டு ஒரே ஒரு பங்கு மீத்தேனை வெளியிடுகின்றன. அதனால் ஹைட்ரஜன் எண் தாழ்ந்தே கிடக்கும். ஹைட்ரஜனை மட்டும் அளக்கும் கருவி இவர்களை ‘நோய் இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். மீத்தேன் மிகுந்தவர்களிடம் மலச்சிக்கல் அதிகம் காணப்படுகிறது. மருந்துத் தேர்வில் இந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

பரிசோதனைக்கு முந்தைய 4 வாரங்களில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கக் கூடாது. மலமிளக்கிகளையும் குடலியக்கத்தைத் தூண்டும் மருந்துகளையும் முடிந்தால் ஒரு வாரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். முந்தைய நாள் எளிதில் புளிக்கும் மாவுச்சத்து உணவுகளைத் தவிர்த்து, இரவு முழுதும் பட்டினி இருந்து, அன்று புகைக்காமலும் உடற்பயிற்சி செய்யாமலும் போக வேண்டும். இவற்றில் எதையாவது மீறியிருந்தால் அறிக்கையை நம்புவதைவிட மறுபடி ஊதுவது நல்லது.

மூன்றாம் படி: பெருக்கம் ஏன் வந்தது?

அவசரத்தில் பலரும் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். வயிறு காலியாக இருக்கும் வேளையில், ஏறக்குறைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை ஓர் அலை எழுந்து மிச்சம்மீதியைப் பெருக்கித் தள்ளிக்கொண்டு போகும். இந்தத் துப்புரவு அலை தளர்ந்துபோனால் குடல் குளம்போலத் தேங்குகிறது. நீண்டநாள் நீரிழிவால் நரம்புகள் பழுதடைவது, தோலும் உள்ளுறுப்புகளும் தடிக்கும் ஸ்க்லெரோடெர்மா, தைராய்டுச் சுரப்புக் குறைவு, ஓபியாய்டு வலிநிவாரணிகள் ஆகியவை இந்த அலையைத் தளர்த்தும். முந்தைய அறுவை சிகிச்சையால் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, கிரோன் நோயால் வரும் குடல் சுருக்கம், சிறுகுடலில் தோன்றும் பைகள், இரைப்பை அறுவையில் உருவாகும் முட்டுச்சந்து போன்ற குடல் வளையம் ஆகியவை ஓட்டத்தையே தடுக்கும். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதற்கும் இந்த நோய்க்கும் ஓரளவு தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்வதால் உடனடிப் பயன் இரண்டு. தேவையில்லாமல் தொடர்ந்துகொண்டிருக்கும் அமிலக் குறைப்பு மாத்திரையையோ ஓபியாய்டையோ மருத்துவரின் ஒப்புதலோடு குறைப்பது, எந்த ஆன்டிபயாடிக்கையும்விட நீண்டநாள் பலன் தரக்கூடும். காரணம் நீக்க முடியாததாக, ஸ்க்லெரோடெர்மாவைப்போல, இருந்தால் மருந்து ஒருமுறையோடு நிற்காது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, திரும்பத் திரும்பக் கொடுக்கத் தகுந்த மருந்தையே தேட வேண்டும்.

வைட்டமின் பி12 அளவையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. பெருகிய பாக்டீரியா பி12-ஐத் தின்றுவிடும், ஃபோலேட் என்னும் இன்னொரு வைட்டமினைத் தானே உற்பத்தி செய்யும். ஆகவே பி12 குறைந்தும் ஃபோலேட் உயர்ந்தும் காணப்பட்டால் அது ஒரு தடயம்.

நான்காம் படி: ஒரு தாளில் உங்கள் உடலின் கணக்கு

மருத்துவரிடம் போகும் முன் ஒரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: பென்சிலின், சல்ஃபா ஒவ்வாமை உண்டா; சிறுநீரகம், கல்லீரல் எந்த நிலையில் உள்ளன; காது கேட்பதில் குறையோ காதுக்குள் இரைச்சலோ இருக்கிறதா; கைகால் மரத்துப்போகிறதா; இதயத் துடிப்புக் கோளாறு அல்லது பெருந்தமனி வீக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறதா; கருவுற்றிருக்கிறீர்களா, பாலூட்டுகிறீர்களா; முன்பு ஏதாவது ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு வந்ததா. அதன் கீழே, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும், சத்து மாத்திரைகள் உட்பட. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அந்தப் பட்டியலில் இருந்தால் அதை வட்டமிட்டு வையுங்கள், ஏனெனில் கீழே வரும் மருந்துகளில் ஏறக்குறைய எல்லாமே அதன் அளவைக் குலைக்கக் கூடியவை.

ஐந்தாம் படி: மருந்துகளை ஒவ்வொன்றாக எடைபோடுதல்

அமெரிக்கன் காலேஜ் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி என்னும் குடல்நோய் மருத்துவர் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறிகுறிகளோடு இந்த நோய் உள்ளவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. அதேவேளை அந்தப் பரிந்துரை நிபந்தனைக்குட்பட்டது, சான்றின் தரம் தாழ்ந்தது என்றும் அதுவே குறிப்பிடுகிறது. ஆய்வுகள் சிறியவை, ஒவ்வொன்றும் வெவ்வேறு பரிசோதனை, வெவ்வேறு அளவு, வெவ்வேறு நாட்கணக்கைக் கொண்டது. 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 51.1 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 9.8 விழுக்காட்டினருக்கும் மூச்சுப் பரிசோதனை இயல்புக்குத் திரும்பியது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது போதும். ஒரு மருந்து இன்னொன்றைவிடச் சிறந்தது என்று அறுதியிட்டுச் சொல்லத்தான் போதுமான ஒப்பீடுகள் இல்லை. பலன்களின் வேறுபாடு மங்கலாகவும் தீங்குகளின் வேறுபாடு துலக்கமாகவும் இருக்கும்போது, தராசில் தீங்குகளையே முதலில் வைப்பதுதான் நியாயம்.

ரிஃபாக்சிமினுக்கு இந்த நோயில் முதலிடம் கிடைத்ததற்கும் காரணம் அதுவே. காசநோய்க்கான ரிஃபாம்பிசினின் உறவுக்கார மருந்து இது. குடலைத் தாண்டி இரத்தத்தில் கலப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பித்தநீரில் நன்றாகக் கரையும் என்பதால், பித்தநீர் நிறைந்த சிறுகுடலில் வலுவாக இயங்குகிறது. நீர் வற்றிய பெருங்குடலை எட்டும்போது அதன் வலு குறைகிறது. எங்கே வேலை செய்ய வேண்டுமோ அங்கே மட்டும் செய்யும் மருந்து என்ற பெயர் அதற்கு இப்படித்தான் வந்தது. வழக்கமான அளவு 550 மி.கி. நாளுக்கு மூன்று வேளை, 14 நாள். அளவு முக்கியம்: 2007-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் நாளுக்கு 1,200 மி.கி. பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும் 1,600 மி.கி. பெற்றவர்களில் 80 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். 32 ஆய்வுகளைத் திரட்டிய 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, ஒட்டுமொத்தமாக 70.8 விழுக்காடு என்ற கணக்கைக் கொடுத்தது.

இந்த எண்களைக் கொண்டாடும் முன் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மலச்சிக்கல் இல்லாத எரிச்சல் குடல் நோயாளிகள் (ஐபிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய்) 1,260 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான, ஒரே மாதிரியான இரண்டு ஆய்வுகளில், ரிஃபாக்சிமினால் போதிய நிவாரணம் பெற்றவர்கள் 40.7 விழுக்காடு, போலி மாத்திரையிலும் 31.7 விழுக்காட்டினர் நிவாரணம் பெற்றார்கள். மூச்சுப் பரிசோதனை சரியாவதும் வயிறு சரியாவதும் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து மனத்தில் கொள்ளலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் வயிற்றுப்போக்கோடு கூடிய எரிச்சல் குடலுக்கு இதை அனுமதித்தது. சிபோவுக்கென்று தனி அனுமதி தரவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரிப்பதற்கும் விலை பலருக்கு எட்டாமல் போவதற்கும் இது ஒரு காரணம்.

உறிஞ்சப்படாத மருந்து என்பதாலேயே தீங்கில்லாத மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லீரல் மிகவும் பழுதடைந்தவர்களிடமும், நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களிடமும் இது இரத்தத்தில் கூடுதலாகக் கலக்கிறது. 2024-இல் வெளியான ஆய்வொன்று, ரிஃபாக்சிமின் பயன்பாட்டுக்கும், டாப்டோமைசின் என்னும் கடைசிக்கட்ட மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமிகள் உருவாவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. மூச்சுப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஆண்டுக்கு நான்குமுறை எழுதிக் கொடுப்பவர்களும் வாங்கிச் சாப்பிடுபவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

மீத்தேன் மிகுந்தவர்களுக்கு ரிஃபாக்சிமின் தனியாகப் போதுவதில்லை. 2010-இல் வெளியான, பழைய மருத்துவக் குறிப்புகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ரிஃபாக்சிமின் மட்டும் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கும், நியோமைசின் மட்டும் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 87 விழுக்காட்டினருக்கும் மீத்தேன் மறைந்தது. ஆய்வு சிறியதுதான், ஆனால் இடைவெளி பெரியது. ஆர்க்கியாவின் உறைச்சுவர் பாக்டீரியாவினுடையதைப் போன்றதன்று. ஆகவே அந்தச் சுவரைத் தகர்க்கும் பென்சிலின் வகைகள் அவற்றிடம் செல்லுபடியாவதில்லை.

நியோமைசின் 500 மி.கி. நாளுக்கு இருவேளை, 14 நாள் என்பது வழக்கம். இதுவும் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. ஆனால் உறிஞ்சப்படும் அந்தச் சிறு பங்கு உள்காதையையும் சிறுநீரகத்தையும் தாக்கக் கூடியது. கேட்புத்திறன் போனால் பெரும்பாலும் திரும்பாது. சிறுநீரகக் குறைபாடும் குடல் புண்ணும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. நான்காம் படியின் தாளில் காது இரைச்சல் என்று எழுதியிருந்தால் இந்த மருந்தின் பெயரை அங்கேயே அடித்துவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ரிஃபாக்சிமினோடு மெட்ரோனிடசோலைச் சேர்ப்பது நடைமுறையில் உள்ள மாற்று.

மெட்ரோனிடசோல் 250 மி.கி. நாளுக்கு மூன்று வேளை. நெடுங்காலமாகக் கையிருப்பில் உள்ள, எங்கும் கிடைக்கும், மலிவான மருந்து. 2009-இல் வெளியான நேரடி ஒப்பீட்டில் ஒருவாரச் சிகிச்சைக்குப் பின் ரிஃபாக்சிமின் 63.4 விழுக்காடும் மெட்ரோனிடசோல் 43.7 விழுக்காடும் பலன் தந்தன. வாயில் செம்பு நாணயத்தைச் சப்பியதுபோன்ற சுவை, குமட்டல், சிறுநீர் கருத்துப்போதல் ஆகியவை சகிக்கக் கூடியவை. மது அருந்துவதை அந்த நாட்களிலும் அதன்பின் மூன்று நாளும் விட்டுவிட வேண்டும். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: மீண்டும் மீண்டும், நீண்ட நாள் சாப்பிட்டால் கால் நரம்புகள் பழுதடைந்து மரத்துப்போகலாம். நீரிழிவால் ஏற்கெனவே பாதம் மரத்த ஒருவருக்கு, ஆண்டுக்குப் பலமுறை திரும்பக்கூடிய நோய்க்காக இதைத் தொடர்ந்து கொடுப்பது சரியான தேர்வாக எனக்குத் தோன்றவில்லை.

சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. இருவேளை, நார்ஃப்ளாக்சசின் 400 மி.கி. ஆகியவையும் பட்டியலில் உண்டு, பலிக்கவும் செய்யும். ஆனால் இந்தக் குடும்ப மருந்துகளுக்குத் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை அமெரிக்க அமைப்பு 2008-இல் சேர்த்தது. 2018-இல் பெருந்தமனி கிழியும் ஆபத்தையும் கடுமையான சர்க்கரைத் தாழ்வையும் பற்றி எச்சரித்தது. வயது அறுபதைக் கடந்தவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. உயிருக்கு ஆபத்தான தொற்றுக்குக் கொடுக்கும்போது ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை, உப்புசத்துக்காக ஏற்றுக்கொள்வது கணக்குக்கு ஒத்துவராது.

அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் 875 மி.கி. இருவேளை. 1999-இல் வெளியான, பத்தே பேரைக்கொண்ட கவனமான ஆய்வில் நார்ஃப்ளாக்சசினும் இதுவும் வயிற்றுப்போக்கைக் குறைத்தன. முரண் என்னவென்றால், வயிற்றுப்போக்கையே இது பக்கவிளைவாகவும் தரும். அரிதாகக் கல்லீரலில் பித்தநீர் தேங்கி மஞ்சள்காமாலை வருவதுண்டு. மருந்தை முடித்த சில வாரங்களுக்குப் பிறகும் அது தலைகாட்டலாம். நரம்பு, காது, தசைநாண் ஆகியவற்றுக்குப் பயப்பட வேண்டாத, கருவுற்றவர்களுக்கும் பெரும்பாலும் கொடுக்கக் கூடிய மருந்து என்பது இதன் சிறப்பு. பென்சிலின் ஒவ்வாமை இல்லாத, மீத்தேன் இல்லாத ஒருவருக்கு ரிஃபாக்சிமின் எட்டாதபோது இதற்குக் கிடைப்பதைவிடக் கூடுதல் மதிப்பு கிடைக்க வேண்டும்.

டாக்சிசைக்ளின் 100 மி.கி. ஒருவேளை அல்லது இருவேளை. பால், இரும்புச்சத்து, அமிலமுறிவு மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து அவற்றில் ஒட்டிக்கொண்டு வீணாகும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் எளிதில் கருகும். கருவுற்றவர்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வழக்கமாகத் தருவதில்லை. டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெத்தாக்சசோல் இருவேளை கொடுக்கப்படுவது; சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், லோசார்டான் போன்றவற்றையோ ஸ்பைரோனோலாக்டோனையோ சாப்பிடுபவர்களிடம் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக் கூடியது. மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்க்கவே கூடாது.

ஆறாம் படி: மருந்து சாப்பிடும் நாட்கள்

தொடங்கும் முன்பே உப்புசம், வலி, மலம் கழிக்கும் தடவைகள் ஆகிய மூன்றுக்கும் ஒரு வாரம் குறிப்பு வைத்திருங்கள். பூச்சியத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டால் போதும். பதினான்காம் நாள் ‘கொஞ்சம் பரவாயில்லைபோல’ என்ற நினைப்பைவிட, ‘உப்புசம் 7-லிருந்து 3-க்கு வந்தது’ என்ற குறிப்புதான் அடுத்த முடிவுக்கு உதவும்.

அந்த நாட்களில் கடுமையான உணவுக் கட்டுப்பாடு தேவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. எடை ஏற்கெனவே குறைந்தவர்கள் மருந்தோடு பட்டினியையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

நாளுக்கு மூன்று முறைக்குமேல் நீராகப் போவது, காய்ச்சல், மலத்தில் இரத்தம், வயிறு இறுகி வலிப்பது ஆகியவை வந்தால் ஆன்டிபயாடிக்குக்குப் பின் பெருங்குடலில் பெருகும் குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். மருந்தை முடித்து இரண்டு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இது வரலாம். அப்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக விழுங்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குதிகாலுக்கு மேல் நரம்பு இழுப்பது, காது இரைவது, கால் எரிவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் எது எந்த மருந்துக்கு உரியது என்பது மேலே உள்ளது. அது தோன்றிய அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: முடிந்தபின்

மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். தெளிவான முன்னேற்றம் இருந்தால் மறுபரிசோதனை கட்டாயமில்லை. பாதி முன்னேற்றம் என்றால் மறுபடி ஊதிப் பார்ப்பதில் பொருள் உண்டு. அதை மருந்து முடிந்த 4 வாரத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். முன்னேற்றமே இல்லையென்றால் உடனே வேறொரு மருந்துக்குத் தாவுவதைவிட முதல் படிக்குத் திரும்புவதே மேல். இரண்டு வெவ்வேறு மருந்துகள் முழு அளவில் சாப்பிட்டும் அசையாத உப்புசத்துக்கு மூன்றாவது ஆன்டிபயாடிக் விடையாக இருப்பது அரிது. இடுப்புத்தளத் தசைகள் ஒழுங்காக இயங்காததால் வரும் மலச்சிக்கல், கணையக் குறைபாடு, பால் சர்க்கரை ஆகியவற்றைத் தேடும் நேரம் அது.

குணமாகி, பிறகு திரும்பினால் இடைவெளிதான் வழிகாட்டி. ஆறு மாதமோ ஓராண்டோ நன்றாக இருந்து திரும்பினால், முன்பு பலித்த அதே மருந்தையே கொடுக்கலாம். ஓரிரு மாதத்துக்குள் திரும்பினால் காரணம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அங்கே, மருந்து முடிந்தவுடன் துப்புரவு அலையைத் தூண்டும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள்: புரூகலோப்ரைட், படுக்கும் முன் 50 மி.கி. அளவில் எரித்ரோமைசின், ஸ்க்லெரோடெர்மாவில் ஆக்ட்ரியோடைட் ஊசி. எரித்ரோமைசினும் ஆன்டிபயாடிக்தான், இந்தச் சிறிய அளவில் அது குடலியக்க ஹார்மோனான மோட்டிலினின் ஏற்பியைத் தொட்டுக் குடலை அசைக்கவே கொடுக்கப்படுகிறது. காரணத்தை நீக்கவே முடியாதவர்களுக்கு மாதந்தோறும் முதல் ஐந்து முதல் பத்து நாட்கள் மட்டும் மருந்து, மாதத்துக்கு ஒரு மருந்தாக மாற்றி மாற்றி, என்ற முறை உண்டு. இதில் ஒரே மருந்துக்குக் கிருமிகள் பழகிவிடாமலும், ஒரே உறுப்பின்மீது தீங்கு குவியாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்டிபயாடிக் எதுவுமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, முன்கூட்டியே சிதைக்கப்பட்ட சத்துகளாலான நீர்ம உணவை மட்டும் 14 நாள் குடிக்கும் முறை உள்ளது. 2004-இல் வெளியான ஆய்வில் பதினைந்தாம் நாளில் 80 விழுக்காட்டினருக்கு மூச்சுப் பரிசோதனை சரியானது. சுவை மோசம், எடையும் குறையும். இருந்தாலும் நெறிமுறைப்படி முயன்று பார்க்கத்தக்கது. மூலிகைக் கலவைகளை ரிஃபாக்சிமினோடு ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் 46-க்கு 34 விழுக்காடு என்று மூலிகைகள் முன்னே நின்றன. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத, பழைய குறிப்புகளிலிருந்து எடுத்த கணக்கு அது என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

நான்காம் படியில் எழுதிய தாளைத் தூக்கிப்போட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், முடிந்த நாள், எத்தனை வாரம் வயிறு நன்றாக இருந்தது, எந்தப் பக்கவிளைவு வந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி சேருங்கள். மூன்றாவது வரி எழுதும்போது, இரண்டு மருந்துகளுக்கிடையே எது என்ற கேள்விக்கு எந்த ஆய்வையும்விட அந்தத் தாளே பொருத்தமான பதிலைத் தரக்கூடும்.